அடுத்த மின்தடைக்கு முன்: தென்காசி வட்டார அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், மத்தளம்பாறை, செங்கோட்டை முதலிய ஊர்களில் வீட்டிலிருந்தவாறே கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இன்டர்நெட் இணைப்பின் வாசலில் காவலுக்கென்று ஒரு சிறிய ஃபயர்வால் பெட்டியையும் தாமே அமைத்து வைத்திருக்கும் அன்பர்களே,

2011ஆம் ஆண்டில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்த காலத்தில், சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் பட்டணத்திலிருந்து பெட்டி படுக்கையோடு இந்தப் பக்கம் வந்து இறங்குவார்கள் என்று நம்மில் அநேகர் எண்ணியதில்லை. 2020இல் கொள்ளைநோய் வந்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகளை அவரவர் சொந்த வீட்டு மாடிக்கே திருப்பி அனுப்பிய பிறகு, வயலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்வது இங்கே ஒரு சாதாரணக் காட்சியாகிவிட்டது. அந்த ஜன்னலோர மேஜைக்குக் கீழே அல்லது மாடிப்படி வளைவில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், காற்றாடி இல்லாமல் மௌனமாக இயங்கும் அந்தச் சிறு பெட்டியைப் பற்றித்தான், அதிலும் குறிப்பாக அதற்குள்ளிருக்கும் எஸ்.எஸ்.டி. பிழை காட்டத் தொடங்கினால் செய்யத் தக்கதும் தகாததும் பற்றித்தான், இந்த மடல்.

உங்களில் பலர் பெட்டியில் ஓட்டுவது பி.எஃப்.சென்ஸ்; சிலர் அதிலிருந்து 2015இல் கிளை பிரிந்த ஓபிஎன்சென்ஸ். இரண்டுக்கும் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி என்னும் ஆபரேட்டிங் சிஸ்டமே ஆதலால், எஸ்.எஸ்.டி.யில் கோளாறு தோன்றும்போது இரண்டும் ஒரே பாஷையில்தான் முறையிடுகின்றன. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும். 'ஏடிஏ0' என்று தொடங்கி, 'கேம் ஸ்டேட்டஸ்' என்று ஏதோ சொல்லி, 'ரீட்ரையிங் கமாண்ட்' என்று முடியும். இந்தத் தரிசனம் கிடைத்ததும் நம் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் வாக்கியம் இது: "அண்ணாச்சி, எஸ்.எஸ்.டி. செத்துப்போச்சு. ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்போம், வரலன்னா புதுசு வாங்கிரலாம்."

அந்த வாக்கியத்தில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. மூன்றாவதில் பணம்தான் நஷ்டம். முதலாவது விசாரணையின்றி எழுதிய தீர்ப்பு. நடுவில் இருக்கிறதே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது, அதுதான் உண்மையில் அபாயகரமானது. வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் கை தானாகப் போகிற அந்தப் பொத்தானின் மேல், பிழை காட்டும் ஃபயர்வாலில் மட்டும் கை வைக்கவே கூடாது என்பதே நான் உங்களிடம் கேட்டுக்கொள்ள விரும்பும் முக்கியமான விஷயம்.

காரணம் இது. ஃபயர்வாலின் பிரதான காரியமாகிய பாக்கெட்டுகளைச் சோதித்து அனுப்புவதும் தடுப்பதும், பெட்டி எழுந்து நின்றவுடன் முழுவதுமாக ராமுக்குள், கெர்னலின் வசத்துக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு எஸ்.எஸ்.டி.க்கு இருக்கும் வேலை பெரும்பாலும் லாக் எழுதிக்கொள்வதும், வரைபடங்களுக்குப் புள்ளி சேர்ப்பதும்தான். ஆகவே எஸ்.எஸ்.டி. அடியோடு மறைந்துபோனாலும் வீட்டில் இன்டர்நெட் ஓடிக்கொண்டே இருக்கும், வீடியோ மீட்டிங் நடந்துகொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகமே எழாது. நிர்வாகப் பக்கம் திறக்காமல் சுற்றுவதும், புதிதாக வந்த விருந்தாளியின் போனுக்கு முகவரி கிடைக்காமல் போவதும்தான் வெளியே தெரியும் அறிகுறிகள். அந்த நிலையில் பெட்டியை அணைத்தீர்களானால், மீண்டும் எழுவதற்கு அது தேடும் முதல் வஸ்துவே அந்த எஸ்.எஸ்.டி.தான், அது பதில் சொல்லாவிட்டால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த இணைப்பும் போய், நீங்கள் பல இரவுகள் உட்கார்ந்து எழுதிய விதிகளும், அலுவலகத்து வி.பி.என். சாவிகளும் எல்லாம் ஒருசேர உள்ளே பூட்டிக்கொள்ளும்.

நாம் அணைக்காவிட்டாலும், நம் ஊரில் அதை அணைப்பதற்கு வேறொருவர் இருக்கிறார். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று புகுந்து வரும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம். ரோட்டோர மரக்கிளைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் அப்படியில்லை. சாரல் விழுந்து மேனி சிலிர்க்கும் அந்த அருமையான காலத்திலேயே கரண்ட் போவதும் வருவதும் அதிகம். ஐப்பசியில் இடிமழை வந்தால் கேட்கவே வேண்டாம். ஆகையால் முதல் பிழை தென்பட்ட க்ஷணத்துக்கும் அடுத்த மின்தடைக்கும் நடுவில் உள்ள நேரமே உங்களுக்குக் கிடைத்த அவகாசம். அது பத்து நாளாகவும் இருக்கலாம், பத்து நிமிஷமாகவும் இருக்கலாம்.

அந்த அவகாசத்தில் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே. பி.எஃப்.சென்ஸின் 'டயக்னாஸ்டிக்ஸ்' பகுதியில் 'பேக்கப்' என்ற இடத்துக்குப் போய், முழு அமைப்பையும் தாங்கியிருக்கும் கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் கோப்பை உங்கள் லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். நிர்வாகப் பக்கம் திறக்கவில்லையென்றால் எஸ்.எஸ்.எச். வழியே உள்ளே சென்று, 'கான்ஃப்' கோப்பறையில் இருக்கும் அதே கோப்பைத் திரையில் கொட்டச் செய்து, அப்படியே நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். சமீபத்தில் படிக்கப்பட்ட கோப்பாயின் ராமிலேயே அதன் பிரதி தங்கியிருக்கக்கூடுமாகையால், எஸ்.எஸ்.டி. ஊமையான பிறகும் இது சில சமயம் பலிக்கும். இறக்கிய கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பார்ப்பது அவசியம். தொடக்கத்தில் இருக்கும் பெயரே முடிவுக் குறியாகவும் இருந்தால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது; பாதியில் அறுந்திருந்தால் 'கான்ஃப்' கோப்பறைக்குள் 'பேக்கப்' என்ற உள்ளறையில் பழைய பிரதிகள் வரிசையாக இருக்கும், அவற்றில் ஒன்றை எடுங்கள். இது முடிந்துவிட்டால் பிறகு கரண்ட் போனால் போகட்டும், புதிய எஸ்.எஸ்.டி.யில் நிறுவி, இந்தக் கோப்பை ஊட்டினால் பழைய பெட்டி அப்படியே திரும்பிவிடும்.

இனி விசாரணைக்கு வருவோம். திரையில் ஏறும் வரிகளை நம்மவர்கள் படிப்பதே இல்லை. எல்லாம் ஒரே புலம்பலாகக் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் அவை மூன்று வெவ்வேறு சங்கதிகளைச் சொல்கின்றன.

'பாரிட்டி/சி.ஆர்.சி. எரர்' என்றோ, பிழை எண் 84 என்று போட்டு 'ஐ.சி.ஆர்.சி.' என்றோ கண்டால், கேபிளைப் பாருங்கள். சாட்டா கேபிள் வழியே தகவல் போகும்போது ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்ந்து போகிறது. மறுமுனையில் கணக்குப் போட்டுப் பார்த்து, எண் ஒத்துவராவிட்டால் பொட்டலத்தை நிராகரித்து மறுபடி கேட்கிறார்கள். அதாவது, எஸ்.எஸ்.டி.யின் உள்ளே ஒரு பழுதும் இல்லாமலிருக்கலாம். வழியில் கலங்குகிறது, அவ்வளவே. எஸ்.எஸ்.டி. தன் ஆரோக்கியத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 199ஆம் எண் இந்தக் கலக்கங்களை எண்ணி வைத்திருக்கும். இந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். அங்கே 400 என்று கண்டு பதறுவதில் அர்த்தமில்லை. இன்றைக்கு 400 என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இரு முனையையும் கழற்றி அழுத்தி மாட்டி, கேபிளே பழையதென்றால் மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பார்த்து அதே 400 நின்றால் வியாதி தீர்ந்தது என்று அர்த்தம். கேபிள் இல்லாமல் பலகையிலேயே செருகும் எம்சாட்டா வகையாக இருந்தால், மாதக்கணக்காகச் சாரல் ஈரத்தில் இருந்த அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துச் செருகுவது நல்லது. புதிதாக வாங்கி வந்த எஸ்.எஸ்.டி.யும் இரண்டே மாதத்தில் அதே பிழையைக் காட்டியது என்று நீங்கள் சொல்லும் கதைகளில் பல, பழைய கேபிளிலேயே புதியதை மாட்டிய கதைகள்தாம்.

'கமாண்ட் டைம்அவுட்' என்று வந்தால், கேட்ட கேள்விக்கு எஸ்.எஸ்.டி. பதிலே சொல்லவில்லை என்று பொருள். இதற்குக் காரணம் பலவாக இருக்கக்கூடும்; ஆனால் நம் பெட்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 12 வோல்ட் அடாப்டரைத்தான். வருஷக்கணக்காக அணையாமல், இன்வெர்ட்டரின் சூட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்த அடாப்டரின் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் வறண்டுபோகின்றன. சும்மா இருக்கும்போது மீட்டரில் சரியாக 12 காட்டிவிட்டு, வேலை அதிகமாகும் தருணத்தில் தாழ்ந்துபோகும். ஆகவே வேலை நடந்துகொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். அல்லது, அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் உள்ள வேறொரு நல்ல அடாப்டரை இரண்டு நாள் மாட்டிப் பாருங்கள்.

பிழை எண் 40 போட்டு 'யு.என்.சி.' என்று மூன்றெழுத்து வந்தால்தான் செல்லுக்குள்ளேயே பழுது. இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் டி.எல்.சி. வகையில், ஒரே செல்லில் மூன்று பிட்டுகளை அடக்குவதற்காக மின்னேற்றத்தை எட்டு நிலைகளாகப் பகுத்து வைக்கிறார்கள். அந்த நிலைகள் ஒன்றோடொன்று மயங்கி, திருத்தும் கணக்குகளாலும் மீட்க முடியாதபோது இந்த முறையீடு எழுகிறது. சந்தேகம் தீர வேண்டுமாயின் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை மூலம் 'லாங் டெஸ்ட்' கொடுங்கள். இந்தச் சோதனையை எஸ்.எஸ்.டி. தன்னுள்ளேயே நடத்திக்கொள்கிறது, கேபிள் வழியே தகவல் போவதில்லை. அதனால், திரையில் பிழைகள் குவிந்தும் இந்தச் சோதனை பழுதின்றி முடிந்தால், வழியிலும் மின்சாரத்திலும் தேடுங்கள். 'ரீட் ஃபெயிலியர்' என்று ஓர் இட எண்ணோடு நின்றால் புதிய எஸ்.எஸ்.டி. வாங்கத் தயங்காதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்மார்ட் அறிக்கையின் உச்சியில் 'பாஸ்ட்' என்று ஒரு மங்கல வார்த்தை அச்சாகியிருப்பதைக் கண்டு மனநிம்மதி அடைவோர் உண்டு. குற்றாலப் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்ட பிறகுதான் குளிக்கத் தடை என்று செய்தி வருகிறது. விவரம் தெரிந்த உள்ளூர்க்காரரோ, தண்ணீர் செம்மண் நிறம் காட்டிச் சருகுகளைக் கொண்டுவந்து தள்ளத் தொடங்கும்போதே துண்டைப் பிழிந்துகொண்டு கரையேறிவிடுகிறார். அந்தப் 'பாஸ்ட்' மாறுவது ஆர்ச் மூழ்கிய பிறகுதான். நிறம் மாறுவது அதற்குக் கீழே, பழுதாகி மாற்றப்பட்ட இடங்களை எண்ணும் 5ஆம் எண்ணிலும், மீட்க முடியாத பிழைகளை எண்ணும் 187ஆம் எண்ணிலும்.

'தேய்ந்துபோச்சு' என்ற தீர்ப்பையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் கடைகளில் சகஜமாகக் கிடைக்கும் கிங்ஸ்டன் ஏ400 வகையில் 120 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு, தயாரித்தவர்கள் குறித்திருக்கும் எழுத்துத் தாங்கும் அளவு 40 டெராபைட். உங்கள் ஃபயர்வால் தினம் 10 ஜிபி எழுதினாலும் அது தீர 4,000 நாள், அதாவது ஏறக்குறைய பதினோரு வருஷம் ஆகும். சாதாரண வீட்டு ஃபயர்வால் அத்தனை எழுதுவதுமில்லை. சூரிக்காட்டா, என்டாப் போன்ற உளவுத் துணைகளையும், ஓபிஎன்சென்ஸில் நெட்ஃப்ளோ கணக்கையும் ஏற்றி வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அவை ஓயாமல் சின்னஞ்சிறு துணுக்குகளாக எழுதிக்கொண்டே இருக்கும்; ஃபிளாஷ் செல்களோ துணுக்காக அழிக்க முடியாதவை, ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்கலாம், ஆகவே நாம் எழுதச் சொன்னதைப் போல் பல மடங்கு உள்ளே எழுதப்படுகிறது. வீட்டில் நாலு பேர் பார்க்கும் இணையப் போக்குவரத்துக்கு இத்தனை சரித்திரம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வேண்டுமென்பவர்கள், தற்காலிகக் கோப்புகளையும் லாகுகளையும் ராமிலேயே வைத்துக்கொள்ளும் 'ராம் டிஸ்க்' வசதியை இயக்கிக்கொள்ளலாம். கரண்ட் போனால் லாக் போய்விடும் என்பது அதன் விலை.

தேய்மானத்தைவிட நம் ஊர் எஸ்.எஸ்.டி.களுக்குப் பெரிய விரோதி, எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் மின்சாரம்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் ஹியூலெட் பேக்கார்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, பதினைந்து எஸ்.எஸ்.டி.களை எடுத்து வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துப் பார்த்து, 2013இல் வெளியிட்ட ஆய்வில், பதின்மூன்று எஸ்.எஸ்.டி.கள் ஏதேனுமொரு விதத்தில் பிசகின: எழுதி முடித்ததாகச் சொன்னது காணாமல் போனது, பாதி எழுதியது நின்றது, ஒன்று முழுவதுமே உபயோகமற்றுப் போனது. எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையையே எஸ்.எஸ்.டி. தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. அதைப் புதுப்பிக்கும் தருணத்தில் கரண்ட் போனால், செல்கள் அத்தனையும் சுகமாக இருந்தும் எஸ்.எஸ்.டி. செயலற்றுவிடும். பெரிய நிறுவனங்களுக்கென்று செய்யப்படும் எஸ்.எஸ்.டி.களில் இந்தக் கடைசி எழுத்தை முடிப்பதற்கு மட்டும் போதுமான மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மலிவானவற்றில் அவை கிடையா.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதன் பின்புறத்திலோ முகப்பிலோ 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' அல்லது 'ஈகோ' என்றும் ஒரு சின்ன சுவிட்சு இருக்கும். எலெக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுப் போனபோது எந்தப் பக்கம் வைத்தாரோ அதே பக்கம்தான் இன்றும் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் இடைவெளி கூடுதல். விசிறியும் விளக்கும் பொறுத்துக்கொள்ளும், பெட்டி பொறுக்காது. யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிடுங்கள். அதைவிடச் சிலாக்கியமானது, அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை வாங்கி மாட்டுவது. மோடத்துக்கென்று விற்பது பெட்டிக்கும் போதுமா என்று மட்டும் ஆம்பியரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பைல் சிஸ்டம் இன்னும் யு.எஃப்.எஸ். ஆக இருப்பவர்கள், 2017இல் வந்த 2.4 பதிப்பு முதல் பி.எஃப்.சென்ஸில் நிறுவும்போதே தேர்ந்துகொள்ளக்கூடிய இசட்.எஃப்.எஸ்.ஸுக்கு, அடுத்த முறை நிறுவ நேரும்போது மாறிவிடலாம். திடீர் மின்தடைகளை அது நன்றாகத் தாங்குகிறது, கெட்டுப்போன கோப்பின் பெயரையும் சொல்லிவிடுகிறது.

அபூர்வமாக, இவை ஒன்றிலுமே குற்றம் இராது, எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் ஃபர்ம்வேரே கணக்குத் தவறியிருக்கும். குரூஷியல் எம்4 என்ற எஸ்.எஸ்.டி. 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் மறைந்துபோய், ரீபூட் செய்தால் வந்து, ஒரு மணி நேரத்தில் மறுபடி மறைந்த வினோதம் 2012இன் தொடக்கத்தில் புதிய ஃபர்ம்வேரால் தீர்ந்தது. ஹெச்.பி. என்டர்பிரைஸ் 2019 நவம்பரில், தன் எஸ்.எஸ்.டி.களில் சில 32,768 மணி நேரத்தில், அதாவது மூன்று வருஷம் 270 நாள் எட்டு மணி நேரத்தில், தகவலோடு செத்துவிடும் என்று தானே அறிவித்து ஃபர்ம்வேரை மாற்றச் சொன்னது. இரவில் அணைத்து வைக்கும் கம்ப்யூட்டரில் இந்த மணிக்கணக்கு மெதுவாக ஏறும். ஓய்வறியாத ஃபயர்வாலில் 5,184 என்பது சரியாக 216 நாள். ஆகவே எஸ்.எஸ்.டி.யின் வகையையும் ஃபர்ம்வேர் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் திருத்தம் உண்டா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது உத்தமம்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அந்த ஆலயத்துக்கு ஏதேனும் குறை நேர்ந்தால் அதை வந்து சரிசெய்யப்போகிறவர்களை இப்போதே பணிந்துகொள்வதாகக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறான். கட்டும்போதே பழுதுபார்ப்பவனை நினைத்த அந்த மன்னனை நினைக்கும்போது, நம் வீட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்க்கப்போகிறவர் யார் என்பதையும் நினைக்கத் தோன்றுகிறது. பெட்டியை அமைத்த பிள்ளை பெங்களூருக்குத் திரும்பிவிட்டபின், "ஏல, நெட்டு வரல, எந்த வயரைப் புடுங்கணும்?" என்று போனில் கேட்டுக்கொண்டு டார்ச் லைட்டோடு நிற்பவர் அப்பாவோ அத்தையோதான். எஸ்.எஸ்.டி.யின் பெயர், போட்ட தேதி, 199இன் கடைசி எண்ணிக்கை, அடாப்டரின் வோல்ட், ஆம்பியர், கான்ஃபிக் கோப்பு எந்தப் பென்டிரைவில் இருக்கிறது என்ற விவரம், இவ்வளவையும் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவைத்தால், அவர்கள் உங்களைத் திட்டாமல் இருப்பார்கள்.

உதிரி எஸ்.எஸ்.டி. வாங்கி வைப்பவர்கள் அதை அலமாரியில் போட்டு மறந்துவிட வேண்டாம். நன்றாகத் தேய்ந்த எஸ்.எஸ்.டி. மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டுக்குத் தகவலைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்த அளவு. நம் சித்திரை வெயிலோ அதற்கு மேல் போகிறது. வருஷத்துக்கு ஒரு முறை மாட்டி எழுப்பிப் பார்த்து வையுங்கள். கழித்துக்கட்டிய பழையதைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன், அதற்குள் உங்கள் அலுவலகத்துச் சாவிகள் இருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். உயிரோடிருந்தால் 'செக்யூர் எரேஸ்' கொடுத்து அழியுங்கள், செத்திருந்தால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சில்லுகளைச் சுத்தியலால் உடைத்துவிடுங்கள்.

என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். தூக்குவதென்றால் அணைக்க வேண்டுமல்லவா? கன்சோல் திரையைப் போனில் ஒரு படம், ஸ்மார்ட் அட்டவணையை ஒரு படம், அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருப்பதை ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். அந்த மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
இலஞ்சிவாசி ஒருவன்